கொதிக்க வைத்தால் போதும்தானே?

யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"மகள் பிறந்து ஒன்பது நாள். மனைவிக்கு ஒப்பரேசன், பிறகு காய்ச்சல். பால் சரியாக வரவில்லை. டொக்டர் மாப்பால் எழுதித் தந்திருக்கிறார், போத்தலில் கொடுக்கிறோம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று மாமி சொல்கிறார். எங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள். சரிதானே?"

6 பெப்ரவரி 2025, இரவு 10.40

தம்பி, எனக்கும் ஒக்டோபரில்தான் பிள்ளை. 11ஆந் திகதி பிறந்தான், வருகிற செவ்வாய் நாலு மாதம். எனக்கும் ஒப்பரேசன்தான். இரத்தம் நிறையப் போனதால் இரண்டு பைன்ற் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஊறவேண்டிய பால் ஆறாம் நாள்தான் ஊறியது. அதற்குள் பிள்ளை 3.1 கிலோவிலிருந்து 2.75க்கு இறங்கிவிட்டான். முதல் நாட்களில் பத்து வீதம் வரை குறைவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளது. இவன் அதையும் தாண்டிவிட்டான். அதனால்தான் எங்களுக்கும் மாப்பால் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாமி பாமசியில் சூப்பிப் போத்தல் வாங்கி வந்தார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது ஒரு பங்கு. இன்னொரு கிருமி மாப்பால் ரின்னுக்குள்ளேயே இருக்கலாம். மாப்பால் தூள் கிருமி நீக்கிய பொருள் இல்லை. அதில் குரோனோபக்டர், சல்மொனெல்லா என்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே தூளைக் கரைக்கும் நேரத்தில் தண்ணீர் 70 பாகைக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் எழுதி வைத்திருக்கிறது. வெப்பமானி தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணித்தியாலத்துக்குள் கரைத்துவிடுங்கள். பிறகு போத்தலைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டியில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காத மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மாமி கோபிப்பார், அந்த ரின் விற்கிற விலையில் எங்கள் மாமிக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

கிணறு பற்றி: யாழ்ப்பாணத்துக் கிணற்றில் கிருமியோடு இன்னொரு பெரிய கவலை நைத்திரேற்று, உரத்தாலும் மலசலகூடக் குழியாலும் நிலத்தடிக்கு இறங்கும் உப்பு. அது கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நாங்கள் கோண்டாவிலில், சுற்றிவரத் தோட்டம். நவம்பரில் சோதித்துப் பார்த்தோம், 14 என்று வந்தது. எல்லை 50. ஆகவே எங்கள் கிணற்றையே பாவிக்கிறோம். நீங்களும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

7 பெப்ரவரி, காலை 6.15

இரவு அவசரத்தில் விட்டவை.

முதலில் தண்ணீர், பிறகுதான் தூள். நான் முதல் பத்து நாள் தூளைப் போட்டுவிட்டு அதன்மேல் 60 என்ற கோடு வரை தண்ணீர் விட்டேன். அப்படிச் செய்தால் தண்ணீர் குறைந்து பால் தடிக்கும். எங்கள் ரின்னில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. சில ரின்களில் கணக்கு வேறு, உங்களுடையதில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கரண்டியை அமுக்கி நிரப்பாமல், குவித்தும் போடாமல், கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். ஒரு ரின்னின் கரண்டியை இன்னொரு ரின்னுக்குப் போடவும் கூடாது.

மாமி ஒரு கிழமை எனக்குத் தெரியாமல் அரைக் கரண்டி கூடப் போட்டிருக்கிறார், பேரன் உடம்பு வைக்கட்டும் என்று. பிள்ளைக்கு மலம் இறுகி, முக்கி முக்கி அழுதான். அன்பினால் செய்தது, ஆனால் அந்த அரைக் கரண்டிக்குரிய தண்ணீரைப் பிள்ளையின் உடம்பு அல்லவா கொடுக்க வேண்டும்? இதை மாமியோடு இருந்து கதைத்த பிறகு அவரே கத்தியால் வழிக்கத் தொடங்கினார். இப்போது அந்தக் கத்தியை வேறு எதற்கும் தொட விடமாட்டார்.

ஒன்பது நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 60 மில்லி அளவில் போதும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி என்று எங்களுக்குச் சொன்னார்கள். மூன்று கிலோ என்றால் 450, அதை எட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு ஓரிரு தேக்கரண்டிப் பாலே போதும். அதைத் தெரியாமல்தான் "பாலே இல்லை" என்று முதல் நாளிலேயே பதறுகிறோம்.

7 பெப்ரவரி, நண்பகல்

மேலே ஒருவர், "14 என்றால் என்ன 14?" என்று கேட்டிருக்கிறார். லீற்றருக்கு மில்லிகிராம்தான். தாள் வீட்டில், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் இருக்கிறது. பின்னேரம் பார்த்துச் சொல்கிறேன்.

7 பெப்ரவரி, இரவு 8.05

நேற்று இரவு நான் எழுதியது பிழை. தயவுசெய்து யாரும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தம்பி, இதை முதலில் வாசியுங்கள்.

தாளை எடுத்துப் பார்த்தேன். 14 என்று இருப்பது நைத்திரேற்றின் அளவு இல்லை, நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவு. அப்படிக் கணக்கிட்டால் எல்லை 50 அல்ல, 11.3. நைத்திரேற்றாக மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். 14ஐப் பெருக்கினால் 62. எங்கள் கிணறு எல்லைக்கு மேலே நிற்கிறது. நவம்பரிலிருந்து நிற்கிறது. நான் 50ஐயும் 14ஐயும் பார்த்து நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன்.

கை நடுங்குகிறது. கேட்டவருக்கு நன்றி. அவர் கேட்டிராவிட்டால் இன்றிரவும் அதே தண்ணீரில்தான் கரைத்திருப்பேன்.

தம்பி, உரும்பிராயும் செம்மண் தோட்டம்தான். இன்றைக்கே அந்தக் கிணற்றை நிறுத்துங்கள். சோதித்து எல்லைக்குள் இருக்கிறதென்று தெரிந்த தண்ணீர் எங்கே கிடைக்குமோ அங்கே எடுங்கள், அதையும் கொதிக்க வைத்தே பாவியுங்கள். போத்தலில் விற்கும் தண்ணீர் என்றாலும் கொதிக்கத்தான் வேண்டும். வீட்டு மண் வடிகட்டி, கரி வடிகட்டி இதற்கு உதவாது. தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அமுக்கி வடிக்கும் ஆர்.ஓ இயந்திரம் நைத்திரேற்றைக் குறைக்கும்.

7 பெப்ரவரி, இரவு 11.30

நித்திரை வரவில்லை. ஏன் பிள்ளைக்கு மட்டும் ஆபத்து என்று கேட்டவருக்கு எழுதுகிறேன்.

கைக்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் அங்கே கிருமிகள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றிவிடும். அது இரத்தத்துக்குள் போய் ஈமோகுளோபினைக் கெடுக்கும், கெட்ட ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவாது. உதடும் நகமும் சாம்பலாக, நீலமாக மாறும். பெரியவர்களின் உடம்பு கெட்டதைத் திருத்திக்கொள்ளும், சின்னப் பிள்ளைக்கு அந்த வலு இன்னும் வரவில்லை. 50 என்ற எல்லையே போத்தல் பால் குடிக்கும் குழந்தையை மனதில் வைத்துப் போட்டதுதான். தாய் கிணற்றுத் தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் அது பெரிதாக இறங்காது. ஆகவே தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை.

எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, குளத்துத் தண்ணீர் குடிப்பதும் இல்லை. மழை விழுந்து, செம்மண் வழியே இறங்கி, சுண்ணாம்புக்கல் பிளவுகளில் தேங்குவதைத்தான் அள்ளுகிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுகிற யூரியா அதே வழியால்தான் இறங்குகிறது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கிற வீடுகள் எத்தனை? எங்கள் வளவும் அப்படித்தான்.

8 பெப்ரவரி, மதியம்

காலையில் பிள்ளைகளுக்கான வைத்தியரிடம் காட்டினோம். உதடு, நாக்கு, நகம் எல்லாம் பார்த்தார். ஒட்சிசன் அளவு பார்த்தார். நன்றாக இருக்கிறான். அறுபது எல்லையை விட மிக அதிகம் இல்லை, அதோடு இவன் மூன்றாம் மாதத்திலிருந்து பெரும்பாலும் தாய்ப்பால், இரவில்தான் போத்தல், அதுவும் காப்பாற்றியிருக்கும் என்றார். தண்ணீரை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டோம். அம்மா வீட்டில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, இவர், என் கணவர், மோட்டார்சைக்கிளில் ஐந்து லீற்றர்க் கானில் கொண்டுவருகிறார்.

உதடு நீலித்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால், மூன்று மாதத்துக்குள் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

9 பெப்ரவரி, இரவு

இன்றைக்கு நாடு முழுக்கக் கரண்ட் போனது தெரியும்தானே. பதினொன்றரை மணியளவில் போனது. குளிர்சாதனப் பெட்டியில் பிழிந்து வைத்த தாய்ப்பால் இரண்டு போத்தல் இருந்தது. கதவைத் திறக்கவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். திறக்காமல் வைத்தால் நாலு மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேலும் போனதால் ஊற்றிவிட்டேன். இரண்டு இரவு கையால் பிழிந்து எடுத்தது, ஊற்றும்போது கண் கலங்கியது.

கேட்டவர்களுக்காக: பிழிந்த பால் வெளியில் நாலு மணித்தியாலம். நம் சித்திரை வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் நாலு நாள், கதவுத் தட்டில் வைக்கவேண்டாம். கரைத்த மாப்பாலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

11 பெப்ரவரி, இரவு

இன்று இவனுக்கு நாலு மாதம். 6.4 கிலோ.

ஒருவர் எழுதியிருக்கிறார்: "போத்தலைக் கையில் எடுக்கிற தாய்க்குப் பிள்ளையைவிடத் தன் சுகம் பெரிது." அவர் பெண்ணா ஆணா என்று தெரியாது. கோபத்தோடு பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். இப்போது எழுதுவதை ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

தாய்ப்பாலுக்கு நான் எதிரி இல்லை. நமது நாடு இதில் உலகம் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். 1981இல் மாப்பால் விளம்பரத்துக்கு எதிராக உலக ஒழுங்குவிதி வந்தது, இரண்டே வருடத்தில் 1983இல் இலங்கை தன்னுடையதைக் கொண்டுவந்தது. வாட்டில் மாப்பால் படம் இல்லை, இலவச ரின் இல்லை. அது அப்படியே இருக்கவேண்டும்.

ஆனால் மிச்சம் பதினெட்டுப் பேர் இருக்கிறார்களே. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? நான் போத்தலை ஒளித்தேன். மிட்வைஃப் அக்கா வருகிற நாளில் அதைக் குசினி அலுமாரிக்குள், மாப்பெட்டிக்குப் பின்னால் வைப்பேன். ஒருநாள் அடுப்பில் சூப்பி அவிந்துகொண்டிருப்பதை மறந்துவிட்டேன். அவர் கை கழுவ உள்ளே வந்தவர் சட்டியைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஏன் பிள்ளை ஒளிக்கிறீங்கள்? எப்படிக் கரைக்கிறீங்கள் எண்டு எனக்குக் காட்டுங்கோ." அன்றைக்குத்தான் தூளுக்கு முன் தண்ணீர் என்பது தெரிந்தது. பத்து நாள் பிழையாகக் கரைத்திருக்கிறேன், வெட்கத்தால்.

முலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு போத்தல், ஒவ்வொரு தடவையும் முலைதான் முதலில் என்றதும் அவர்தான். பிள்ளை குடித்து முடிந்த பிறகும் பத்து நிமிடம் கையால் பிழியச் சொன்னார். பதினாறாம் நாள் பிறந்த எடைக்கு வந்தான். ஆறாம் வாரம் பாதிக்குப் பாதி. பத்தாம் வாரம் இரவில் மட்டும் போத்தல். தம்பி, உங்கள் மனைவிக்குக் காய்ச்சல் மாறியதும் இதைச் செய்து பாருங்கள். முடிந்தால் போத்தலுக்குப் பதில் சின்னக் கப்பில் கொடுங்கள். பிள்ளையை நிமிர்த்தி வைத்து விளிம்பை உதட்டில் தொட்டால் நக்கிக் குடிக்கும். கப்பைக் கழுவுவது சுலபம், முலையையும் மறக்காது. எனக்கு ஆசுபத்திரியில் கப்பில்தான் கொடுக்கக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து களைப்பில் போத்தலுக்கு மாறிவிட்டேன். மாறாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

15 பெப்ரவரி, பின்னேரம்

பால் கூட்டும் என்று சொல்லும் சுறா வறை பற்றி இருபது பதிவு ஓடியிருக்கிறதே! பால்சுறாவா, சின்னச் சுறாவா, முருங்கையிலையோடா, உள்ளி எத்தனை பல்லு என்றெல்லாம்.

என் அனுபவம்: அம்மா முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு வரை தினமும் சரக்கு அரைத்த கறியும், கிடைத்த நாளெல்லாம் சுறா வறையும் தந்தார். பால் கூடியது. ஆனால் அதே நாட்களில்தான் எட்டுத் தடவை, பத்துத் தடவை முலை கொடுத்தேன், பிழிந்தேன். எடுக்க எடுக்கத்தான் ஊறும். கிணறும் அப்படித்தானே என்று அம்மம்மா சொல்வார். சுறா வறை தாய்க்கு நல்ல சாப்பாடு. பெற்ற உடம்புக்குப் பசி தெரியாமல் மூன்று வேளை யாராவது சமைத்துத் தருவதே பெரிய மருந்து. பிள்ளையைக் கொடுக்காமல் வறையை மட்டும் சாப்பிட்டால் பால் வராது.

பால் போதுமா என்று எப்படித் தெரியும் என்று கேட்டவர்: ஐந்தாறு நாள் கழிந்த பிள்ளைக்கு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சலம் போகவேண்டும். என் கணவர் ஒரு கொப்பியில் புள்ளடி போட்டு வைத்தார். அழுகையை அளவுகோலாக வைத்தால் எந்தத் தாய்க்கும் பால் போதாது.

கற்கண்டுத் தண்ணீர், கிரைப் வோட்டர் இரண்டும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு வெறும் தண்ணீர்கூட வேண்டாம்.

16 பெப்ரவரி, காலை

"எங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள்" என்ற தம்பியின் வசனம் ஒரு கிழமையாக மனதில் கிடக்கிறது. நேற்று அம்மாவிடம் கேட்டேன், எங்களுக்குப் போத்தல் கொடுத்தீர்களா என்று. இல்லை. கரண்ட் இல்லை, மா இல்லை, போர்க்காலப் பொருளாதாரத் தடை. யூரியாவும் தடை செய்த பொருள்தான், தோட்டத்துக்குச் சாணமும் குழையும் போட்டார்கள். ஆக, அந்தக் காலத்துக் கிணறும் இந்தக் காலத்துக் கிணறும் ஒன்றில்லை, அந்தக் காலத்துப் பிள்ளைகளில் அநேகர் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பாலும் குடிக்கவில்லை.

பிறகு அம்மா ஒன்று சொன்னார். முன்பு எனக்குச் சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30, போருக்கு அஞ்சி வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க எழும்பி நடந்த இரவு. என் தம்பி அப்போது நாற்பது நாள் பிள்ளை. நாவற்குழிப் பக்கம் சனம் நெருக்கி நகர முடியாமல் மழைக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெண், கையில் கைக்குழந்தை, பையில் மாப்பால் பெட்டியும் போத்தலும் இருக்கிறது, தண்ணீர் இல்லை, நெருப்பும் இல்லை. பிள்ளை கத்திக் கத்திக் குரல் அடைத்துவிட்டது. அம்மா தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையை வாங்கி முலையில் போட்டிருக்கிறார். கைதடி வரும்வரை இரண்டு தடவை. அந்தப் பெண் யாரென்று தெரியாது, எந்த ஊர் என்றும் கேட்கவில்லையாம்.

"போத்தல் எண்டால் போத்தல் மட்டும் இல்லைப் பிள்ளை. தண்ணி வேணும், அடுப்பு வேணும், விறகு வேணும்" என்றார். இந்த இழையில் நாங்கள் பத்து நாளாக எழுதுவது அதைத்தான்.

23 பெப்ரவரி, இரவு

கொடுக்கிற விதத்தைப் பற்றித் தம்பி தனியாகக் கேட்டார், எல்லோருக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன். மகள் பால் குடிக்கும்போது புரைக்கேறுகிறதாம், வாயோரம் வழிகிறதாம்.

பிள்ளையைப் படுக்கப்போட்டுக் கொடுக்காதீர்கள். மடியில் அரைவாசி நிமிர்த்தி, தலையை முழங்கையில் தாங்கி வையுங்கள். போத்தலைக் கவிழ்த்துப் பிடிக்காமல் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்கள், சூப்பிக்குள் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் சரித்தால் போதும். சூப்பியை வாய்க்குள் திணிக்கவேண்டாம். உதட்டில் தொடுங்கள், பிள்ளை வாயைத் திறந்து தானே இழுக்கும். பத்துப் பன்னிரண்டு தடவை இழுத்ததும் போத்தலைச் சற்றுத் தாழ்த்தி மூச்சு விட விடுங்கள். பாதியில் மற்றக் கைக்கு மாற்றுங்கள். தலையைத் திருப்பினால், கையை விரித்தால், வயிறு நிரம்பிவிட்டது. மிச்சம் பத்து மில்லியை முடிப்பிக்க நினைக்கவேண்டாம். இப்படி இருபது நிமிடம் எடுக்கும், எடுக்கட்டும். பிறகு தோளில் போட்டு ஏவறை வரும்வரை முதுகைத் தடவுங்கள்.

சூப்பியின் ஓட்டையையும் பாருங்கள். போத்தலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழவேண்டும், ஓடக்கூடாது. எங்கள் மாமி ஊசியை நெருப்பில் காய்ச்சி ஓட்டையைப் பெருப்பித்துவிட்டார், பிள்ளை இழுக்கக் கஷ்டப்படுகிறான் என்று. அன்றிரவு மூக்கால் பால் வந்தது. அந்தச் சூப்பியை எறிந்துவிட்டுப் பிறந்த பிள்ளைக்குரிய மெல்லிய ஓட்டைச் சூப்பி வாங்கினோம்.

இரவு இரண்டு மணிப் போத்தல் இவருடையது. முதல் கிழமை ஒருநாள் நான் எழும்பிப் பார்க்கிறேன், பிள்ளைக்குப் பக்கத்தில் தலையணையை வைத்து, அதில் போத்தலைச் சாய்த்துவிட்டு, இவர் இருந்தபடியே நித்திரை. நான் போட்ட சத்தத்தில் மாமாவும் எழும்பி வந்தார். பால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், காதுக்குள் போய்ச் சீழ் வைக்கலாம். பாவம், பகல் முழுக்க வேலை செய்த மனிதன். அதன் பிறகு இரவை இரண்டாகப் பிரித்தோம். ஒருமணி வரை நான், பிறகு அவர், அவருடைய நேரத்தில் நாற்காலியில் இருந்துதான் கொடுப்பார். இப்போது பிள்ளை அவருடைய மணத்துக்கே அடங்குகிறான்.

சுடுதண்ணீர்ப் போத்தலில் இரவுக்கு ஊற்றி வைக்கலாமா என்றும் கேட்டார். எங்களுடையது பழையது, இரண்டு மணிக்குக் கையை விட்டுப் பார்த்தால் தாங்கக்கூடிய சூடுதான். அதில் கரைத்தால் ரின்னுக்குள் இருக்கும் கிருமி சாகாது. நாங்கள் கேத்தில் வாங்கிவிட்டோம்.

2 மார்ச்

ரின் கிடைக்காத காலம் பற்றி எழுதியவருக்கு. 2022 பொருளாதார நெருக்கடியில் அக்காவின் மகளுக்கு ஐந்து மாதம். அக்காவுக்கும் பால் குறைவு. அத்தான் சுன்னாகம், மருதனார்மடம், யாழ்ப்பாணம் என்று கடை கடையாக அலைந்தார், பெற்றோலுக்கும் வரிசை. இருந்த ரின்னை இழுத்தடிக்க அக்கா இரண்டு கரண்டிக்குரிய தண்ணீருக்கு ஒன்றரை போட்டிருக்கிறார். பிள்ளை அழவில்லை, வயிறு நிரம்பியிருந்தது. அதுதான் ஏமாற்றியது. பதிவேட்டில் எடைக்கோடு இரண்டு மாதம் படுத்துவிட்டது, கிளினிக்கில் நிறுத்துப் பார்த்துக் கேட்டபோதுதான் அக்கா உண்மையைச் சொன்னார். தண்ணியாகக் கரைத்தால் பசி அடங்கும், பிள்ளை வளராது. உப்புச் சமநிலை குழம்பி வலிப்புக்கூட வரலாம். அந்தப் பிள்ளை இப்போது நன்றாக ஓடித்திரிகிறாள்.

பெரியவர்கள் தேநீருக்குப் போடும் பால்மாவைக் கைக்குழந்தைக்குக் கரைக்கக்கூடாது. முடியாத கட்டத்தில் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

14 மார்ச், மதியம்

கிணற்றை மறுபடி சோதித்த தாள் வந்துவிட்டது. நைதரசனாக 12.6. பெருக்கினால் 56 அளவில். மாரி முடிந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் எல்லைக்கு மேல்தான். ஒருமுறை எல்லைக்குள் வந்தாலும் அடுத்த மழைக்கு ஏறலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னார். தாளில் எந்த அலகு என்பதைப் பேனையால் வட்டம் போட்டுக் காட்டினார். இந்தப் பிழையை நான் மட்டும் விடவில்லையாம்.

தம்பி, உங்கள் முடிவைப் பார்த்தேன், 19 நைதரசனாக. 84. அந்தக் கிணற்றைப் பத்தாம் நாளிலேயே விட்டீர்களே, அது போதும் எனக்கு. மகள் இப்போது மூன்று வேளை தாய்ப்பாலும் மிச்சம் கப்பிலும் என்று எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

12 ஏப்ரல், காலை

நேற்று ஆறு மாதம். குத்தரிசிச் சோற்றைக் குழைய விட்டு, தாய்ப்பால் கொஞ்சம் கலந்து மசித்து ஒரு தேக்கரண்டி கொடுத்தோம். முகத்தைச் சுளித்துவிட்டு விழுங்கினான். மாமிக்குக் கண்ணீர்.

இரவுப் போத்தல் இன்னும் இருக்கிறது, 120 மில்லி.

தண்ணீர்த் தாளைப் பிரதி எடுத்து எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். எல்லாம் ஒரே நிலத்தடிதானே. இரண்டு வீட்டார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு ஐயா, நூறு வருடமாகக் குடிக்கிற தண்ணீர் என்று கோபித்துவிட்டார். இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா வெறும் சோடாப் போத்தலில் தங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு படலையடியில் வந்து நிற்கிறார். மகளுக்கு ஜூனில் பிள்ளை. புத்தாண்டு லீவு முடிந்து புதன்கிழமைதான் கொடுக்கலாம், அன்றைக்கே புதிதாக அள்ளவேண்டும், போத்தலையும் அவர்களிடமே வாங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். "அப்ப நீயும் வா பிள்ளை" என்றார். புதன் காலை எட்டு மணிக்குப் போகிறோம்.